தாளிச்சா பேசினில் ஒரு குட்டை

“குட்டையில இன்னும் எத்தினி மீனு இருக்குது?”

“ஏழு. காக்கா எண்ணுறதுக்கு முன்ன வா.”

சொல்லிவிட்டுச் சென்னம்மாள் ஓடினாள். வஹிதா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் ஓடினாள். இருவரும் காரிமங்கலத்தில் ஒரே பள்ளியில், ஐந்தாம் வகுப்பில், ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்கள்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டாம் வருடம். மார்ச் மாதத்திலேயே வெயில் மண்டையைப் பிளந்தது. ஊருக்குக் கிழக்கே இருந்த ஆலங்குட்டை வற்றி, நடுவில் ஒரு தாம்பாளம் அளவுக்குச் சேற்றுத் தண்ணீர் மட்டும் மிச்சம் இருந்தது. அதற்குள் ஏழு பொடிக்கெண்டைகள் வாயைத் திறந்து திறந்து மூடின. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம். வாலுக்குப் பக்கத்தில் மை தொட்டு வைத்ததுபோல ஒரு கரும்புள்ளி.

கரையில் பெரியண்ணன் ஒரு தகர டப்பாவோடு நின்றிருந்தான். அவனும் அதே வகுப்புதான்.

“ஏழையும் எனக்குக் குடுங்க. வறுத்துத் தின்னுக்கறேன்.”

“ஏழையும் வறுத்தாலும் உன் பல்லிடுக்குக்குக் காணாது, போடா” என்றாள் சென்னம்மாள்.

“நீங்க மட்டும் என்னா பண்ணப் போறீங்களாம்?”

“வளக்கப் போறோம்” என்றாள் வஹிதா. “குட்டையில இதுங்கதான் கடைசி. இதுங்களும் செத்துட்டா, மழை பேஞ்சு தண்ணி நெறஞ்சாலும் வெறுங்குட்டைதான். காலை விட்டா வந்து கடிக்க ஒரு மீனு இருக்காது.”

குட்டைக்குள் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்தால், பொடிக்கெண்டைகள் கூட்டமாக வந்து கால் விரலைக் கடிக்கும். கூச்சத்தில் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் அது தெரியும். பெரியண்ணனுக்கும் தெரியும். அவன் தகர டப்பாவை நீட்டினான்.

“எடுத்துட்டுப் போங்க. ஆனா மழை வர்ற வரைக்கும் பொழைக்காது. பாரு, நான் சொல்றேன்.”

வஹிதாவின் அத்தா அப்துல் சுபான் படங்களுக்குக் கண்ணாடி போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. வெட்டி மிஞ்சிய கண்ணாடித் துண்டுகள் சுவரோரம் சாய்ந்து கிடக்கும்.

“அத்தா, கண்ணாடியில ஒரு பொட்டி செஞ்சு குடுங்களேன். உள்ள தண்ணி நிக்கணும்.”

“படத்துக்குத்தாம்மா நான் கண்ணாடி போடுவேன். தண்ணிக்குப் போட்டதில்லையே.”

“தண்ணியையும் ஒரு படம்னு நெனச்சுக்கங்க.”

அத்தா சிரித்துவிட்டார். கொல்லரிடம் இரும்புச் சட்டம் செய்து வாங்கினார். கண்ணாடிகளைப் பொருத்தி, மூலைகளில் பட்டிப் பசையை அப்பினார். பெட்டி ஒரு வாரம் ஒழுகியது. அதுவரை மீன்கள் மண்பானையில் இருந்தன. எட்டாம் நாள் ஒழுகல் நின்றது. அத்தா அதைக் கடை வாசலில் எல்லாரும் பார்க்கும்படி வைத்தார். சந்தை நாளில் வந்தவர்கள், படத்தைப் பார்க்காமல் பெட்டியையே பார்த்தார்கள்.

ஆனால் ஏப்ரல் மாத வெயிலில் இரண்டு மீன்கள் செத்துப்போயின. மிச்சம் ஐந்து.

“நான்தான் சொன்னேனே” என்றான் பெரியண்ணன்.

ஒரு நாள் காலையில் கூழாங்கற்கள்மேல் ரவை தூவியதுபோல ஏதோ மின்னியது. முட்டைகள். வஹிதா ஒரே ஓட்டமாக ஓடிச் சென்னம்மாளை இழுத்துக்கொண்டு வந்தாள்.

“எங்கடி முட்டை?”

வஹிதா கண்ணாடியில் மூக்கை வைத்துத் தேடினாள். ஒன்றுகூட இல்லை. ஐந்து மீன்களும் வயிறு புடைத்து மெதுவாக நீந்திக்கொண்டிருந்தன.

“தின்னுடுச்சுங்க” என்றாள் வஹிதா. அழுகை வந்தது. “அதுங்க முட்டையை அதுங்களே தின்னுடுச்சுங்க.”

“அப்போ குட்டையில மட்டும் குஞ்சு எப்படிடி பொழைச்சுது?”

கேட்டுவிட்டுச் சென்னம்மாளே யோசித்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

“மதகுக் கல்லு. அந்தக் கல்லுமேல மெத்துமெத்துன்னு பாசி இருக்கும். கையை விட்டா குஞ்சுங்க உள்ளேருந்து சிதறி ஓடும். அதுக்குள்ள பூந்துகிட்டா பெரிய மீனுக்கு எட்டாது.”

அன்று சாயங்காலமே இருவரும் மதகுக்குப் போனார்கள். பாசி இருந்தது. ஆனால் காய்ந்து, பழுப்பு நிறத்தில், பழைய தேங்காய் நார் போல் கல்லோடு ஒட்டிக்கிடந்தது. தொட்டால் பொடிந்தது.

“செத்துப்போச்சு” என்றாள் சென்னம்மாள்.

“தண்ணியில போட்டுப் பாப்போம். செத்துப்போச்சுன்னா அதுவே சொல்லட்டும்.”

ஒரு கை அளவு உரித்துக்கொண்டு வந்து கண்ணாடித் தம்ளரில் போட்டார்கள். அரை மணி நேரத்தில் சுருண்டு கிடந்த இழைகள் ஒவ்வொன்றாக விரிந்தன. மறுநாள் காலை வஹிதா பல்கூடத் தேய்க்காமல் தம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். நுனியெல்லாம் பச்சை.

“அம்மா, உயிரு வந்துடுச்சு.”

“யாருக்கு?” என்று அடுப்படியிலிருந்து அம்மா ரஹமத் பீவி கேட்டாள்.

“பாசிக்கு.”

“பாசிக்கெல்லாம் உயிரு வந்தா ஊரு தாங்குமா” என்றாள் அம்மா, சோறு வடித்துக்கொண்டே.

பாசி மிதந்துகொண்டே இருந்தது. கல்லில் கட்டி அடியில் போட வேண்டும். வஹிதா படக்கடைப் பெண். படம் மாட்டும் இரும்புக் கம்பியை எடுத்துச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். நாலே நாளில் கம்பி துருப்பிடித்து, தண்ணீர் காவிநிறம் ஆனது. கட்டுக்குள் இருந்த பாசி கறுத்து நாறியது.

சென்னம்மாள் மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

“பாசியா கட்டினே, வெறகா கட்டினே? இங்க குடு.”

அவர்கள் தோட்டத்தில் கனகாம்பரம் உண்டு. விடியற்காலையில் பூக்கட்டிவிட்டுத்தான் சென்னம்மாள் பள்ளிக்கு வருவாள். பூக்கட்டும் நூலை எடுத்தாள். பாசியைக் கல்லின்மேல் மெல்லியதாக, அடியில் கல் தெரியும்படி பரப்பினாள்.

“கொத்தாக் கட்டினா அடிப்பூ அழுகிப் போயிடும். இதுவும் அப்படித்தான். இடம் விட்டுக் கட்டணும். இறுக்கவும் கூடாது, நழுவவும் கூடாது.”

குறுக்கும் நெடுக்குமாக ஏழெட்டுச் சுற்று. ஒரு முடிச்சு. இப்படி நாலு கல்.

பெரியண்ணன் வந்து எட்டிப் பார்த்தான். “என்னாது இது, யாரோட சவுரிமுடியைக் கல்லுல கட்டி வெச்சிருக்கீங்க?”

“சிரி, சிரி. பொறவு பாக்கலாம்” என்றாள் சென்னம்மாள்.

மே மாதம் முழுவதும் பார்த்தார்கள். வெயில் நேராக விழாமல் பெட்டியின் ஒரு பக்கம் அட்டை வைத்தார்கள். பாசி புதுக்கிளை விட்டது. குட்டிக் குட்டி இறகுகள்போலக் கிளைகள் ஒன்றன்மேல் ஒன்று படர்ந்தன. ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது நூல் இற்றுப்போயிருந்தது. ஆனாலும் பாசி நகரவில்லை. அதுவே கல்லைப் பிடித்துக்கொண்டது. ஐந்து மீன்களும் அதற்குள் புகுந்து புகுந்து வந்தன.

பள்ளி திறந்த முதல் சனிக்கிழமை. காலையில் வஹிதா பெட்டியைப் பார்த்தாள். பாசியின் ஒவ்வொரு கிளையிலும் கண்ணாடி மணிகள். முட்டைகள். நூறுக்கு மேல் இருக்கும்.

மணி ஒன்பதே முக்கால். புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு பறந்தாள். சென்னம்மாளின் காதில் சொன்னாள். அதற்குப் பிறகு அவர்களுக்குக் கணக்கும் ஏறவில்லை, தமிழும் ஏறவில்லை. அன்று அரைநாள் பள்ளிதான். மணி அடித்ததும் இருவரும் ஓடிவந்தார்கள்.

கடை வாசலில் ரஹமத் பீவி முந்தானையில் கையைத் துடைத்தபடி நின்றிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“வா கண்ணு. பாரு, உன் பொட்டியை எப்படி வெச்சிருக்கேன்னு.”

பெட்டி பளபளத்தது. தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. அடியில் நாலு கற்கள், முட்டை ஓடு போல் வெள்ளையாக இருந்தன. ஒரு இணுக்குப் பாசி இல்லை.

மறுநாள் மீலாது, நபி பிறந்த நாள். வீட்டில் நபி புகழ் பாடும் மௌலூது ஓத முப்பது பேர் வருவார்கள். எல்லாரும் இந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். அதற்காக அம்மா காலையிலிருந்து வீட்டையும் கடையையும் தேய்த்துக் கழுவியிருக்கிறாள். பெட்டியை மட்டும் விட்டுவிடுவாளா?

“செங்கப்பொடி போட்டு ஒவ்வொரு கல்லா தேச்சேன். என்னா பாசி, என்னா பாசி. மீனை குண்டான்ல எடுத்து வெச்சுட்டு, நல்லதண்ணிக் கிணத்துலேருந்து எட்டுக் கொடம் சேந்தி ஊத்தியிருக்கேன்.” சொல்லிக்கொண்டே வந்த அம்மா நிறுத்தினாள். “ஏன் புள்ளே, மூஞ்சி ஏன் இப்படிப் போச்சு?”

“அதுல முட்டை இருந்துச்சுங்கம்மா” என்றாள் சென்னம்மாள்.

ரஹமத் பீவியின் கை அப்படியே நின்றது.

வஹிதாவுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. அம்மாவின் கையைப் பார்த்தாள். செங்கற்பொடியில் விரல் நுனியெல்லாம் சிவந்து, தோல் உரிந்திருந்தது.

“நான் சொல்லாம போயிட்டேம்மா” என்றாள். “பாசியை எங்கம்மா போட்டீங்க?”

“கொல்லையில. கருவேப்பிலைச் செடியாண்ட.”

மூவரும் கொல்லைக்கு ஓடினார்கள். அங்கே ஒரு கோழி, தன் குஞ்சுகளோடு பாசியைக் கிளறிக் கிளறிக் கொத்திக்கொண்டிருந்தது.

“ஏய், போ. ச்சூ.” சென்னம்மாள் பாய்ந்தாள். கோழி அவளை நோக்கியே பாய்ந்தது. அவள் புத்தகப் பையைக் கேடயம்போலப் பிடித்துக்கொண்டு கோழியைச் சுவர்வரை தள்ளிக்கொண்டு போனாள். “நீ எடுடி. நான் இதைப் பாத்துக்கறேன்.”

வஹிதா மண்டியிட்டாள். நிழலில் கிடந்ததால் பாசியின் மேல்பக்கம் மட்டும்தான் கோழிக்குப் போயிருந்தது. உள்ளே இன்னும் ஈரம். விரித்துப் பார்த்தாள். மணிகள் மின்னின.

“இருக்குது. நெறைய இருக்குது. அம்மா, ஒரு ஏனம் குடுங்க, அகலமா.”

அம்மா அடுப்படிக்குள் ஓடினாள். பூப்போட்ட பெரிய பீங்கான் பேசினோடு வந்தாள். அது நாளைக்கு நெய்ச்சோற்றுக்கான தாளிச்சாக் குழம்பை ஊற்றுவதற்காகக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

“இதைத் தந்துட்டா நாளைக்கு?” என்றாள் வஹிதா.

“தாளிச்சாவுக்கு வேற பாத்துக்கறேன். நீ பிடி. இரு, நல்லதண்ணி எடுத்தாறேன்.”

“புதுத்தண்ணி வேணாம்மா. முட்டை பழைய தண்ணியில இருந்தது. அந்தத் தண்ணியைக் கொட்டிட்டீங்களா?”

“முருங்கைக்கு ஊத்தலாம்னு அரை வாளி வெச்சிருக்கேன்.”

அந்த அரை வாளி போதுமானதாக இருந்தது. பழைய தண்ணீரைப் பேசினில் ஊற்றி, பாசியை மெல்ல அதில் இறக்கினாள் வஹிதா. மண் அடியில் தங்கியது. பாசி விரிந்து மிதந்தது.

“பெட்டியில விட வேணாமா?” என்றாள் சென்னம்மாள். அவள் முழங்கையில் கோழி கொத்திய காயம்.

“அங்க அஞ்சு பேரும் பசியோட இருக்காங்க. இது தனியா இருக்கட்டும்.”

பேசினின்மேல் வெள்ளைத் துணியைப் போட்டு, வெயிலும் புகையும் படாமல் அடுப்படி மூலையில் வைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சென்னம்மாள் விடிந்ததும் வந்துவிட்டாள். இருவரும் பேசினுக்குக் காவல். ஓதி முடிந்ததும் வீடு முழுவதும் நெய்ச்சோற்று மணம். “பாயை எடுத்து விரிங்க, வாங்க” என்று அத்தா கூப்பிட்டார். இரண்டே நிமிடம்தான் போனார்கள்.

அந்த இரண்டு நிமிடத்தில் பக்ருதீன் மாமா அடுப்படிக்குள் வந்தார். அம்மாவுக்கு அண்ணன். தருமபுரியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர். பரிமாறுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. பூப்போட்ட பேசினைப் பார்த்தார். போன வருஷமும் அதில்தான் தாளிச்சா. துணியை விலக்கினார். கரண்டியை விட்டார்.

“ரஹமத்து, தாளிச்சாவுல என்னா கீரையா போட்டிருக்கே? ஆறிப்போயி ஐஸா கெடக்குதே.”

வஹிதா அடுப்படி வாசலுக்கு ஓடிவந்தாள்.

“மாமா, அதுல மீனு இருக்குது.”

“மீனு தாளிச்சாவா? கறின்னுல்ல சொன்னாங்க.”

“மாமா, கையை அசைக்காதீங்க. அப்படியே நில்லுங்க.”

மாமா அப்படியே நின்றார். தூக்கிய கரண்டி தூக்கியபடி இருந்தது. வஹிதா எட்டிப் பார்த்தாள். கரண்டியில் ஒரு இணுக்குப் பாசி. அதன் ஓரத்தில் கண்ணாடியைச் சீவிப் போட்டதுபோல ஏதோ ஒன்று. இமைமுடி அளவுகூட இல்லை.

அது வாலை உதறியது.

“சென்னம்மா” என்றாள் வஹிதா.

சென்னம்மாள் கரண்டியைப் பார்க்கவில்லை. பேசினைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “இங்க பாருடி. எல்லாப் பக்கமும். பாசியில தொங்கிட்டு இருக்குதுங்க.”

“என்னப்பா பக்ருதீன், தாளிச்சா வருதா இல்லையா?” என்று பந்தியிலிருந்து யாரோ கேட்டார்கள்.

“கொஞ்சம் பொறுங்க” என்றார் மாமா, கரண்டியை அசைக்காமலே. “இங்க கொழந்தைங்க பொறந்திருக்குது.”

பந்தியில் பாதிப் பேர் எழுந்து வந்துவிட்டார்கள். அடுப்படி வாசலில் தள்ளுமுள்ளு. அத்தா ஒவ்வொருவராக உள்ளே விட்டார். வந்தவர்கள் குனிந்து பார்த்து, “அட ஆமா” என்று சொல்லிவிட்டு, மெல்ல நடந்து திரும்பினார்கள். பலமாக நடந்தால் தண்ணீர் அலைந்துவிடுமாம்.

எல்லாரும் போன பிறகு ரஹமத் பீவி பேசின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“கோழி தின்னது எத்தினியோ” என்றாள் மெதுவாக.

“பெட்டியிலேயே இருந்திருந்தா அந்த அஞ்சும் தேடித் தேடித் தின்னிருக்கும்மா” என்றாள் வஹிதா. “நீங்க வெளிய எடுத்ததாலதான் இத்தினியும் பொழைச்சுது.”

“நெசமாவா சொல்றே?”

“நெசமாத்தான்.”

அம்மா அவளை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு கேட்டாள், “இதுங்களுக்கு என்னா குடுக்கணும்?”

முதல் மூன்று நாள் எதுவும் கொடுக்கவில்லை. குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் பாசியில் இருந்த கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளைத் தின்றன. பிறகு அம்மாவே வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் கட்டித் தண்ணீரில் ஆட்டினாள். “மெதுவா தின்னுங்க, தொண்டையில சிக்கிக்கும்” என்றாள். தினமும் ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்து, ஒரு சொம்பு ஊற்றினார்கள். குஞ்சுகள் நெல் அளவு ஆயின. பிறகு புளியங்கொட்டை அளவு ஆயின. வாலருகில் ஒவ்வொன்றுக்கும் புள்ளி வந்தது. பெரியண்ணன் தினமும் பள்ளிக்குப் போகும் வழியில் வந்து எண்ணிவிட்டுப் போனான். எண்ணிக்கை ஒரு நாளும் ஒத்துப்போகவில்லை.

“அதுங்க நிக்கவே மாட்டேங்குது. நான் என்னா பண்றது?”

ஆகஸ்ட் மாதம் மழை வந்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது. நான்காம் நாள் காலை பெரியண்ணன் நனைந்துகொண்டே ஓடிவந்தான்.

“குட்டை ரொம்பிடுச்சு. மதகுக் கல்லு முழுகிப்போச்சு.”

பேசினை அம்மா இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஐந்து பெரிய மீன்களைக் குண்டானில் சென்னம்மாள் எடுத்துக்கொண்டாள். அவள் மறுபடி பாசி கட்டி வைத்திருந்த நாலு புதுக் கற்களைப் பெரியண்ணன் மார்போடு அணைத்துக்கொண்டான்.

“ரெண்டு குஞ்சு நீ வெச்சுக்கயேன்” என்றான் அவன் வஹிதாவிடம். “பொட்டி வெறிச்சோடிப் போயிடும்.”

வஹிதா கடை வாசலைத் திரும்பிப் பார்த்தாள். ஆசையாகத்தான் இருந்தது.

“குட்டைதான் வெறிச்சோடி இருக்குது” என்றாள். “நட.”

குட்டைத் தண்ணீரைக் கை கையாக அள்ளிப் பேசினில் ஊற்றினார்கள். சூடு, குளிர்ச்சி எல்லாம் ஒன்றாகட்டும் என்று காத்திருந்தார்கள். பெரிய மீன்களை அக்கரைப் பக்கம் கொண்டுபோய் விட்டாள் சென்னம்மாள். பெரியண்ணன் மதகோரம் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கற்களை ஒவ்வொன்றாக வைத்தான். பிறகு அம்மா பேசினைச் சாய்த்தாள்.

குஞ்சுகள் எங்கும் போகவில்லை. பேசினில் இருந்ததுபோலவே ஒரு கூட்டமாகப் பாசிக்கல்லைச் சுற்றி நின்றன. இவ்வளவு பெரிய தண்ணீரை அவை பார்த்ததே இல்லை.

“பயப்படுதுங்க” என்றாள் அம்மா.

மழைத்துளி ஒன்று விழுந்து வட்டம் விரிந்தது.

பாசிக்குள்ளிருந்து ஒரு குஞ்சு வெளியே வந்தது. கொஞ்சம் முன்னால் போனது, நின்றது, திரும்பிப் பாசியைப் பார்த்தது.

“போ” என்றாள் வஹிதா.

அது போனது. அதன் பின்னால் மற்ற எல்லாமும் போயின.